வீட்டிலேயே பிரேக்கில் ஏர் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேக் பெடல் சரியில்லை என்றதும் "ஏர் எடுத்துப் பார்ப்போம்" என்று ஸ்பேனரைத் தூக்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஏர் எடுப்பது இரண்டே காரியத்துக்குத்தான் உதவும்: லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது, பழைய பிரேக் ஆயிலை மாற்றுவது. வேறு எந்தக் கோளாறுக்கும் அது மருந்தில்லை. அதனால் முதலில் கோளாறைக் கண்டுபிடிக்கும் கேள்விகள், அப்புறம் ஸ்பேனர் வேலை. கார், வேன் போன்ற நான்கு சக்கர வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. டூவீலருக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

லைனில் கொஞ்சம் காற்று இருந்தால் அப்படி என்ன ஆகிவிடும்?

பெடலை மிதிக்கும்போது, பெடலோடு இணைந்த உருளையான மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் சுருங்காது என்பதால் அந்த அழுத்தம் அப்படியே பைப் வழியாகப் போய்ச் சக்கரத்தில் உள்ள காலிப்பரின் பிஸ்டனை நகர்த்துகிறது. காலிப்பர் என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகம். அங்கே நகர வேண்டிய தூரம் மிகக் குறைவு. பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. காற்றோ சுருங்கும். ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் நீங்கள் மிதிப்பதில் ஒரு பங்கு அதைச் சுருக்கவே போய்விடும். பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பதற்குள் பெடல் பாதி தூரம் இறங்கியிருக்கும்.

காற்று சும்மா உள்ளே வந்துவிடாது. ஹோஸ், காலிப்பர், வீல் சிலிண்டர் (டிரம் பிரேக்கில், டிரம்மை உள்ளிருந்து உரசும் ஷூவைத் தள்ளும் உருளை) எதையாவது கழற்றி மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் கொடுக்கும் டப்பா வற்றிப்போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ லீக். யாரும் எதையும் கழற்றாமல், நேற்று வரை நன்றாக இருந்த பெடல் இன்று தொளதொளவென்று இருந்தால் முதலில் லீக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஏர் எடுத்து அதை மூடி மறைக்கக் கூடாது. லீக் கிடைத்துச் சரிசெய்யும் வரை வண்டியை வெளியே எடுக்கவும் கூடாது.

பெடலை மிதித்துப் பார்த்தே கோளாறு எதுவென்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். பூஸ்டரில் (வேக்குவம், அதாவது உறிஞ்சு விசை கொண்டு மிதியின் பலத்தைக் கூட்டும் பாகம்) மிச்சமிருக்கும் வேக்குவம் தீர்ந்து பெடல் கெட்டியாகும். இனிமேல் காலுக்குத் தெரிவது ஆயில் லைனின் நிலைமை.

முதல் மிதியில் தாழப் போய், வேகமாக அடுத்தடுத்து மிதித்தால் மேலே ஏறி வருகிறதா? இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஏறி வந்த பிறகும் காலுக்கடியில் நெகிழ்ந்து கொடுத்தால் காற்று. ஏறி வந்த இடத்தில் அசையாமல் கெட்டியாக நின்றுவிட்டால் காற்று இல்லை. பின் டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது, ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் போதும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து ஒரு பாட்டில் ஆயிலை வீணாக்குவதுதான் அதிகம் நடக்கிறது.

இன்னொரு வகை: பெடல் நல்ல உயரத்தில் நிற்கும். ஆனால் காலை மெதுவாக, ஒரே அழுத்தத்தில் வைத்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி இறங்கும். சிக்னலில் நிற்கும்போது இது நன்றாகத் தெரியும். வெளியே எங்கும் கசிவில்லை, டப்பாவில் அளவும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சக்கரத்துக்குப் போக வேண்டிய ஆயில் சீலைத் தாண்டித் திரும்பி வருகிறது. வேடிக்கை என்னவென்றால், ஓங்கி மிதித்தால் சீல் விரிந்து பிடித்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். மெதுவாக மிதித்தால்தான் அது மாட்டிக்கொள்ளும். இதற்கு எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பலனில்லை, மாஸ்டர் சிலிண்டரைக் கவனிக்க வேண்டியதுதான்.

மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து வந்ததும் பெடல் தரையில் உட்கார்ந்துவிட்டு, வண்டி ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாகிவிட்டால் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், தடயமே இருக்காது. சரியாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ஆயில் பழசாகிவிட்டது, இல்லையென்றால் ஏதோ ஒரு பிரேக் விடாமல் உரசுகிறது.

பெடல் கல்லாக இருக்கிறது, வண்டியும் சட்டென்று நிற்பதில்லை. ஏர் எடுக்கட்டுமா?

வேண்டாம். இது பூஸ்டர் சமாச்சாரம். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்துவிட்டு, காலைப் பெடலில் அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் நன்றாக இருந்தால் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்காவிட்டால் வேக்குவம் ஹோஸ் விரிசல் விட்டிருக்கலாம், அதிலுள்ள ஒருவழி வால்வு போயிருக்கலாம், இல்லை பூஸ்டருக்குள் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். முதல் இரண்டும் சின்னச் செலவு, அவற்றை முதலில் பாருங்கள். இதையே திருப்பிக் கேட்பவர்களும் உண்டு: ஸ்டார்ட் செய்ததும் பெடல் இறங்குகிறதே என்று. அது அப்படித்தான் இறங்க வேண்டும்.

லீக்கை எங்கே தேடுவது?

நாலு டயரின் உட்புறத்திலும் கையை விட்டுப் பாருங்கள். ஹோஸ் வளையும் இடங்கள், ஹோஸும் இரும்புப் பைப்பும் சேரும் இடங்கள், பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில் துரு ஏறிய இடங்கள் எல்லாவற்றையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். டிரம் பிரேக் என்றால் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் மூடியின் உதட்டை ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் தூக்குங்கள். லேசான ஈரம் என்றால் பெரிய விஷயமில்லை. ஆயில் சொட்டினால் அந்தச் சிலிண்டரை மாற்ற வேண்டும். ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் ஷூவும் போயிற்று. கழுவிக் காயவைத்து மாட்டுவது நம்பத் தகுந்த வேலை இல்லை.

எங்கும் ஈரமே இல்லை, ஆனாலும் டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்தைப் பாருங்கள். பின்பக்க சீல் போனால் ஆயில் பூஸ்டருக்குள்ளேயே வடிந்துவிடும், கீழே ஒரு சொட்டும் விழாது. மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழே பூஸ்டரின் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தால் ஆயில் அங்கே வடிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பேட் தேயத் தேய டப்பாவில் அளவு மெல்லக் குறைவது மட்டும் இயல்பு. பேடைப் பார்க்காமல் ஆயிலை ஊற்றி நிரப்பாதீர்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது, அந்தப் பக்கமே வண்டி இழுக்கிறது. இதற்கு?

பிரேக் விடவில்லை. எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க பிளீடர் நிப்பிள் (காலிப்பரிலும் வீல் சிலிண்டரிலும் காற்றை வெளியேற்றத் திறக்கும், நடுவில் துளையுள்ள திருகு) நன்றாக உதவும். அந்தச் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெடலை ஒரு தடவை அழுத்தி விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற வராமல் இறுகியிருக்கும் நேரத்தில் பிளீடர் நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் உடனே இலகுவாகிவிட்டால் லைனில் அழுத்தம் சிறைப்பட்டிருந்தது. ஹோஸ் உட்புறம் வீங்கி ஒருவழிப் பாதையாகிவிட்டிருக்கலாம். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான ஸ்லைடு பின்னோ துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது.

எல்லாச் சக்கரமும் சேர்ந்து விடாமல் பிடித்தால் ஹோஸைக் குறை சொல்லாதீர்கள். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் தள்ளுகோலில் ஃப்ரீ பிளே (சும்மா அசைய வேண்டிய சிறு இடைவெளி) இல்லாமல் போயிருக்கும், இல்லை மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்புகிற சின்னத் துளை அடைத்திருக்கும்.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறுகிறது. ஏர் எடுத்தால் நிற்குமா?

நிற்காது. டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே அளவாக இல்லை, அல்லது டிஸ்க் கோணலாக ஓடுகிறது. ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எந்த ஆயில் வாங்குவது? டாட் 3, டாட் 4 எல்லாம் ஒன்றுதானா?

வண்டியிலுள்ள ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை, ஒன்றோடொன்று கலக்கும். வித்தியாசம் கொதிநிலையில். புது ஆயில் கொதிக்கக் கூடிய குறைந்தபட்ச வெப்பம் டாட் 3-க்கு 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் வைத்துச் சோதிக்கும்போது தரக்கட்டுப்பாடு கேட்கும் அளவு முறையே 140, 155, 180 டிகிரிதான். அதாவது பழசான டாட் 4, புது டாட் 3-ஐ விட மோசம். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 3 ஊற்றக் கூடாது.

டாட் 5 என்று எண்ணில் பெரிதாக இருப்பதால் அது உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். அது சிலிக்கோன், ஊதா நிறத்தில் வரும், மற்ற மூன்றோடும் கலக்காது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிக்கு ஆகவே ஆகாது. 5 வேறு, 5.1 வேறு.

எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் போன்றவற்றை அவசரத்துக்குக்கூட ஊற்றக் கூடாது. பிரேக்கிலுள்ள ரப்பர் சீல்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். தவறிப்போய் ஊற்றிவிட்டால் அலசிவிட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் கிடையாது. எண்ணெய் போன இடமெல்லாம் ரப்பர் பாகங்களை மாற்றியாக வேண்டும்.

ஆயில் கறுத்துவிட்டால்தான் மாற்ற வேண்டுமா?

நிறத்தை வைத்து ஈரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தெளிவாக இருக்கிற ஆயிலிலும் தண்ணீர் ஏறியிருக்கலாம். பல வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று சொல்லியிருப்பார்கள், உங்கள் வண்டிக்கு என்ன என்பது ஓனர் மேனுவலில் இருக்கும். கிலோமீட்டர் ஓடவில்லையே என்று தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. ஈரம் ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடியின் துளை வழியாகவும் வண்டி சும்மா நிற்கும்போதும் ஏறும்.

ஏர் எடுக்க என்னென்ன வேண்டும்?

நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர், சில வண்டிகளில் 7 அல்லது 11), நிப்பிளில் இறுக்கமாக ஏறுகிற, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப், ஒரு பாட்டில், சீல் உடைக்காத புது ஆயில் ஒரு லிட்டர், துணி, கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. வாய் திறந்த டபுள் எண்டு ஸ்பேனர் வேண்டாம். நிப்பிளின் முனையை உருட்டிவிடும். சக்கரத்தைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு வைக்க வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள்.

பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும். இந்த ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைப்பதைவிடத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் சரி, அது தண்ணீரில் கரையும்.

எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது?

பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருக்கும் சக்கரம் முதலில், மிக அருகில் இருப்பது கடைசியில். ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள வண்டியில் பெரும்பாலும் இடது பின்சக்கரம், வலது பின், இடது முன், வலது முன் என்று வரும். ஸ்டியரிங் இடப்பக்கம் என்றால் இதைத் திருப்பிக்கொள்ளுங்கள். இது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஒரு முன்சக்கரத்தையும் எதிர்மூலையிலுள்ள பின்சக்கரத்தையும் ஒரே லைனில் இணைத்திருக்கும் வண்டிகளுக்குச் சர்வீஸ் மேனுவல் வேறு வரிசை சொல்லலாம். மேனுவல் சொன்னால் அதுதான் முடிவு.

இரண்டு பேர் சேர்ந்து செய்யும் முறையை விவரமாகச் சொல்லுங்களேன்.

முதலில் டப்பாவைச் சுற்றித் தூசியைத் துடைத்துவிட்டு மூடியைத் திறங்கள். உள்ளே இருக்கும் பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை மேல்கோடு வரை ஊற்றுங்கள். அந்தக் கறுப்பு ஆயிலை நாலு பைப் வழியாகத் தள்ளி எடுப்பதைவிட மேலேயே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். உறிஞ்சும்போது அடியிலுள்ள துளைகளில் காற்று நுழையாதபடி கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். நிப்பிளில் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன்மேல் டியூபைச் செருகி, டியூபின் மறுமுனை பாட்டிலிலுள்ள ஆயிலுக்குள் முங்கியிருக்கும்படி வையுங்கள். இனி இரண்டு பேருக்கும் நடுவே பேச்சுதான் முக்கியம். "மிதி" என்றதும் அவர் பெடலை மெதுவாக மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு, "பிடிச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள். ஆயில் டியூபில் ஓடும், பெடல் அவர் காலடியில் இறங்கும். ஓட்டம் நிற்பதற்குள் நிப்பிளை மூடிவிட்டு, "விடு" என்று சொல்லுங்கள். மூடுவதற்கு முன் அவர் காலை எடுத்துவிட்டால் நிப்பிள் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். பத்து தடவை எடுத்த வேலை அந்த ஒரு விநாடியில் வீண். பெடலை விட்ட பிறகு இரண்டு மூன்று விநாடி பொறுத்து அடுத்த மிதி. மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை இழுத்து நிரப்பிக்கொள்ள அந்த நேரம் வேண்டும்.

டியூபைக் கவனியுங்கள். முதலில் தேநீர் நிறத்தில் கலங்கலாக வரும், நடுநடுவே நீளமான காற்றுத் துண்டுகள் ஓடும். அப்புறம் அவை உடைந்து முத்து முத்தாக வரும். பிறகு கடுகு அளவுப் பொடிக் குமிழிகள். கடைசியில் டியூப் முழுக்க ஒரே தெளிவாக, உள்ளே ஏதாவது ஓடுகிறதா என்றே சந்தேகம் வருகிற மாதிரி ஆகும். அந்த நிலையிலும் இன்னும் மூன்று நாலு தடவை எடுத்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போங்கள்.

ஒவ்வொரு ஐந்தாறு மிதிக்கும் டப்பாவைப் பாருங்கள். அது ஒரு தடவை வற்றினால் மாஸ்டர் சிலிண்டரே காற்றை விழுங்கிவிடும், எல்லாம் முதலிலிருந்து. நிப்பிளை மூடும்போது அளவான இறுக்கம் போதும். நடுவில் துளையுள்ள சின்ன ஆணி அது. முறுக்கினால் உடைந்து உள்ளேயே நின்றுவிடும். கடைசியில் ரப்பர் தொப்பியை மறக்காமல் மாட்டுங்கள்.

பெடலைத் தரை வரை மிதிக்கலாமா?

பழைய வண்டியில் கூடாது. தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத தூரத்தில் சிலிண்டரின் உட்சுவரில் துருவும் கசடும் படிந்திருக்கும். பெடல் தரையைத் தொடும்போது சீல் அதன்மேல் ஏறி இறங்கிக் கிழியும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் போன கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

உதவிக்கு ஆள் இல்லை. தனியாகச் செய்ய முடியுமா?

முடியும். டப்பாவின் வாயில் மாட்டி மேலிருந்து அழுத்தம் கொடுக்கும் பிரஷர் பிளீடர்தான் என் தேர்வு. 10 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், அதற்கு மேல் கொடுத்தால் டப்பா தாங்காது. நிப்பிளில் உறிஞ்சும் வேக்குவம் பம்பும் வேலை செய்யும். ஆனால் நிப்பிளின் மரையைச் சுற்றி வெளிக்காற்று நுழைந்து டியூபில் ஓயாமல் குமிழி காட்டும். அதைப் பார்த்து லைனில் இன்னும் காற்று இருக்கிறது என்று மாய்ந்து மாய்ந்து உறிஞ்சுகிறவர்கள் நிறைய. மரையின் வெளிப்பக்கம் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவினால் பொய்க் குமிழி குறையும்.

ஒன்றுமே இல்லையென்றால் நிப்பிளைத் திறந்துவிட்டு ஆயிலைத் தானாக வடியவிடலாம். நேரம் பிடிக்கும், டப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நிப்பிள் அசையவே மாட்டேன் என்கிறது.

பலத்தைக் காட்டாதீர்கள். முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிடுங்கள். அடுத்த நாள் நிப்பிளின் தலையில் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டி, ஆறுமுனை சாக்கெட்டைப் போட்டு, முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கமே அசைத்துப் பாருங்கள். துரு விட்டுக்கொடுக்கும்போது சின்னதாக ஒரு "டிக்" கேட்கும். சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி முறுகினால் நிறுத்திவிடுங்கள், அது உடையப் போகிறது. உடைந்தால் காலிப்பரையே மாற்ற நேரலாம்.

குமிழியே வரவில்லை, ஆனாலும் பெடல் இன்னும் நெகிழ்கிறது. ஏன்?

இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். காலிப்பரைக் கழற்றி மாட்டினீர்கள் என்றால் முதலில் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலேயே தங்கிவிடும், எத்தனை லிட்டர் ஓட்டினாலும் வெளியே வராது.

புது மாஸ்டர் சிலிண்டர் போட்டிருந்தால், அதை வண்டியில் ஏற்றுவதற்கு முன் வைஸில் பிடித்து, வாய்களிலிருந்து டப்பாவுக்கே டியூபைத் திருப்பி, பிஸ்டனை மெதுவாகத் தள்ளிக் காற்றை எடுத்தீர்களா? எடுக்காமல் மாட்டிவிட்டு நாலு சக்கரத்தில் மல்லுக்கட்டுவது வீண்.

வேன், பிக்கப் வகைகளில் பின்பாரத்தைப் பார்த்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு இருக்கும். பின்பக்கத்தைத் தூக்கி, அச்சு தொங்கினால் பாரம் இல்லை என்று நினைத்து அது பின்லைனைக் கட்டுப்படுத்திவிடும். பின்சக்கரங்கள் பாரத்தோடு இருக்கும்படி நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

எந்தச் சக்கரத்தில் பிரச்சினை என்று பிரித்துப் பார்க்க ரப்பர் ஹோஸ்களை அதற்கென்றே உள்ள வழவழப்பான கிளாம்பால் ஒவ்வொன்றாக அடைக்கலாம். நாலையும் அடைத்தும் பெடல் நெகிழ்ந்தால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் பக்கமோ ஏபிஎஸ் யூனிட்டிலோ இருக்கிறது. நாலையும் அடைத்ததும் கெட்டியாகி, ஏதோ ஒன்றைத் திறக்கும்போது தாழ்ந்தால் கோளாறு அந்தச் சக்கரத்தில். இரும்புப் பின்னல் போட்ட ஹோஸை அடைக்கக் கூடாது. பல்லுள்ள பிளையரால் எந்த ஹோஸையும் அடைக்கக் கூடாது.

ஏபிஎஸ் இருந்தால் வீட்டில் செய்யலாமா?

டப்பா வற்றாமல் ஆயில் மாற்றுவதோ, ஒரு காலிப்பரைக் கழற்றி மாட்டிவிட்டு அதில் ஏர் எடுப்பதோ பெரும்பாலும் சாதாரண முறையிலேயே முடியும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளேயே காற்று போய்விட்டால் கதை வேறு. உள்ளே சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும் வால்வுகள் உண்டு. வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் மூலம் அவற்றையும் பம்பையும் இயக்கிக்கொண்டே ஏர் எடுக்க வேண்டும். காலியான ரோட்டில் ஓங்கிப் பிரேக் அடித்து ஏபிஎஸ்ஸை வேலை செய்ய வைத்துவிட்டு மறுபடி ஏர் எடுக்கச் சொல்கிற யோசனையும் உலவுகிறது. பெடல் சரியில்லாத வண்டியில் வேகமெடுத்து அதைச் சோதிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஹைப்ரிட் வண்டிகள், பிரேக்கை எலக்ட்ரானிக்காக இயக்கும் வண்டிகள் இவற்றில் கதவைத் திறந்தாலே பம்ப் ஓடி அழுத்தம் ஏற்றக்கூடும். மேனுவலும் ஸ்கேனரும் இல்லாமல் தொடாதீர்கள்.

பேட் மாற்றினாலே ஏர் எடுக்க வேண்டுமா?

ஆயில் லைனைத் திறக்கவில்லை என்றால் தேவையில்லை. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா நிரம்பி வழியும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்துப் பேடை டிஸ்க்கோடு சேர்க்க வேண்டும். மறந்தால் முதல் மிதி நேராகத் தரைக்குப் போகும்.

டூவீலர் டிஸ்க் பிரேக்குக்கும் இதே முறைதானா?

அடிப்படை அதேதான், ஆயில் மட்டும் மிகக் கொஞ்சம். அதனால் டப்பா சட்டென்று வற்றிவிடும். காற்று ஹேண்டில்பார் பக்கம் மேலேயே தங்கும் பழக்கம் இங்கே அதிகம். ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டர் உயரமாக இருக்கும்படி வைத்து, லிவரைச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே இருந்தால் டப்பாவுக்குள் பொடிக் குமிழிகள் எழும்பி வரும். அப்படியும் போகாவிட்டால் சிரிஞ்சில் ஆயிலை எடுத்துக் கீழே நிப்பிள் வழியாக மேல்நோக்கித் தள்ளலாம். காற்று மேலே போகத்தான் விரும்பும், அதன் வழியிலேயே அனுப்பிவிடுகிறோம். தள்ளுவதற்கு முன் டப்பாவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் டேங்க் பெயின்ட் போய்விடும். ஹோஸைக் கழற்றியிருந்தால் போல்ட்டின் இரு பக்க வாஷரும் புதிதாக இருக்கட்டும்.

முடித்ததும் எப்படிச் சோதிப்பது?

எஞ்சின் அணைந்த நிலையில் பெடலை ஓங்கி மிதித்து அரை நிமிடம் பிடித்திருங்கள், இறங்கக் கூடாது. இன்னொருவர் அந்த நேரத்தில் நாலு நிப்பிளையும் துணியால் துடைத்து ஈரம் வருகிறதா என்று பார்க்கட்டும். பிறகு ஸ்டார்ட் செய்து மறுபடி அதே சோதனை. டப்பா மேல்கோட்டில் இருக்கிறதா, மூடி போட்டாயிற்றா, டாஷ்போர்டில் பிரேக் விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டு, ஆளில்லாத சமதளத்தில் நடை வேகத்தில் உருட்டி நாலைந்து தடவை நிறுத்திப் பாருங்கள். முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும். இரண்டாவது மிதியில்தான் பிடிக்கிறது என்றால் வேலை முடியவில்லை. ரோட்டில் இறக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

மிச்ச ஆயிலை என்ன செய்வது?

திறந்த பாட்டிலை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள், மூடினாலும் ஈரம் ஏறியிருக்கும். வெளியே வந்த ஆயில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் திரும்ப டப்பாவில் ஊற்றக் கூடாது. இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, எஞ்சின் ஆயிலோடு கலக்காமல், கழிவு ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். குடித்தால் விஷம் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.